கடல் வழிக்கு ஒரு டேங்கர் லாரிக் கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. காங்கேயம், கோபி, தாராபுரம், பவானிசாகர் என்று கடல் காற்றே படாத ஊர்களிலிருந்து படகேறி வெளிநாடு போவதைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வயசு 23. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சுட்டு எண்ணெய் மில்லுல மெயின்டனன்ஸ் பார்க்கறேனுங்க. கேரளாவுல இருந்து பெரிய மீன்பிடிப் படகுல நியூசிலாந்து கொண்டுபோய் விடறேன்னு ஒருத்தர் சொல்றாரு. நூறு பேர் போறாங்களாம். புது எஞ்சின், பயமே இல்லைங்கறாரு. நம்பலாமுங்களா?
– காங்கேயம்

பதில்: எஞ்சின் புதுசா பழசா என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் தூரத்தைக் கேளுங்கள். கொச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு நேர்கோடு போட்டாலே 11,000 கிலோமீட்டருக்கு மேல். படகு நேர்கோட்டில் போகாது. இந்தோனேசியத் தீவுகளையோ ஆஸ்திரேலியாவையோ சுற்றித்தான் போயாக வேண்டும். பாரம் ஏற்றிய மீன்பிடிப் படகு மணிக்கு 7 நாட், அதாவது 13 கிலோமீட்டர் போகும். மொபெட்டை விட மெதுவு. இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் ஒரு நாளைக்கு 310 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று, நீரோட்டம் ஏதுமில்லை என்றே வைத்தாலும் 36 நாள். 40 என்று வைத்துக்கொள்வோம்.

இனி தண்ணீர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டர். நூறு பேருக்கு 40 நாளுக்கு 12,000 லிட்டர். போர்வெல் வற்றினால் நம் ஊர் கல்யாண மண்டபத்துக்கு வருமே, அந்தப் பெரிய தண்ணி டேங்கர் லாரி ஒன்று முழுதாக. இதில் சமையலுக்கும் கைகால் கழுவவும் சேர்க்கவில்லை. டீசல் மணிக்கு 15 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும் 14,400 லிட்டர். அது இன்னொரு டேங்கர், அதற்கும் மேல். தண்ணீர் 12 டன், டீசல் 12 டன், நூறு ஆள் 6 டன், அரிசி பருப்பு தனி. பத்துப் பதினைந்து தொழிலாளர்களுக்கும் ஐஸுக்கும் மீனுக்கும் கட்டிய படகில் இதை எங்கே வைப்பார்கள்? மேல்தளத்தில் டிரம் டிரம்மாகத்தான். வைக்கோல் பாரத்தை உயரமாக ஏற்றிய வண்டி பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஏற்பாடு செய்பவர் எதையாவது குறைப்பார். ஆளைக் குறைத்தால் அவர் வருமானம் போகும், தண்ணீரைத்தான் குறைப்பார். "நடுக்கடல்ல இன்னொரு படகு வந்து டீசல், தண்ணி குடுக்கும்" என்று அவர் சொன்னால், கணக்கு இடிக்கிறது என்று அவருக்கே தெரியும் என்றுதான் அர்த்தம்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் மெயின்டனன்ஸ் ஆள், சட்டென்று புரியும். டிரம்மின் அடியில் தங்கிய கசடு அலையில் குலுங்கிக் கலங்கி ஃபில்டரை அடைக்கும். டீசலில் தண்ணீர் கலக்கும். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேயும். புது எஞ்சினுக்கும் இவை வரும், ஸ்பேர் இல்லாவிட்டால் நின்றுபோகும். எஞ்சின் நின்ற படகு அலைக்கு முகம் காட்டி நிற்காது. தானாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும், கவிழ்வது அந்த நிலையில்தான். அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் பெரும்பாலும் அதே எஞ்சினில்தான் ஓடும். ஆக, ஒரு ஃபில்டர் அடைத்தால் ஓட்டமும் நிற்கும், தண்ணீர் இறைப்பதும் நிற்கும்.

உங்களிடம் சொன்ன அதே பயணம் முன்பு ஒருமுறை நடந்திருக்கிறது. 2019 ஜனவரியில் கொச்சி அருகே முனம்பத்திலிருந்து ‘தேவமாதா 2’ என்ற மீன்பிடிப் படகு நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் கிளம்பியது. நியூசிலாந்து என்பதுதான் பேச்சு. டெல்லியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, குழந்தைகளும் உண்டு. கரையில் கிடந்த பைகளை வைத்துத்தான் போலீசுக்கே விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றி நம்பத்தகுந்த ஒரு தகவலும் இல்லை.

கேள்வி: முறையா விசா வாங்கி ஐரோப்பா போயிட்டு, பிரான்ஸ்ல இருந்து லண்டனுக்கு ரப்பர் படகுல போறதா திட்டம். வெறும் 33 கிலோமீட்டர்தானாம். கீழ்பவானி வாய்க்கால்லயும் கிணத்துலயும் நீச்சல் பழகினவன் நான். கவிழ்ந்தாலும் சமாளிச்சிர மாட்டேனா?
– கோபிசெட்டிபாளையம்

பதில்: 33 கிலோமீட்டர் சரிதான். பல்லடத்திலிருந்து கோவை போகிற தூரம். ஆனால் அது ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம். ஒரு நாளைக்கு 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் பாதை அது. ரப்பர் படகு இருட்டில் கப்பலின் ரேடாரில் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் கப்பலுக்குச் சட்டென்று பிரேக் கிடையாது.

நீச்சல் விஷயத்துக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாக இருக்கும். கால்வாயில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தண்ணீர் 8, 9 டிகிரி. குளிர்பதனப் பெட்டியை விடக் கொஞ்சம்தான் அதிகம். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. உடம்பு தானாக ஆழமாக மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். நல்ல நீச்சல்காரர்களும் படகுக்கு இரண்டு கை தூரத்தில் மூழ்குவது இதனால்தான். அதைத் தாண்டினால் அடுத்த பத்து நிமிடம் வரை கைகால் வேலை செய்யும். பிறகு ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்க, விரல்கள் மரத்துப்போகும். கயிற்றை வீசினாலும் பிடிக்க முடியாது. உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீச்சல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர் முதல் நிமிடம் நீந்தவே கூடாது, மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும் என்பதுதான் மீட்புப் பணியாளர்கள் சொல்லும் பாடம்.

2021 நவம்பர் 24 அன்று அந்தக் கால்வாயில் ஒரு ரப்பர் படகு காற்றிறங்கிக் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். கவிழாமலும் சாவு உண்டு. 2024-ல் கரையிலிருந்து கிளம்பும்போதே நெரிசலில் மிதிபட்டு இறந்தவர்களில் ஏழு வயதுச் சிறுமியும் ஒருத்தி. இந்தப் படகுகளுக்குப் பலகை அடித்த தரை, ஒட்டிய தையல், ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். கேனிலிருந்து சிந்தும் பெட்ரோல் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரோடு கலந்தால் தோலை வெந்த மாதிரி உரித்துவிடும். நடுவில் ‘பத்திரமாக’ உட்காரவைக்கப்படும் பெண்களுக்குத்தான் அந்தக் காயம் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். "நீ மோட்டாரைப் பிடிச்சுக்க, உனக்குப் பாதிக் காசுதான்" என்பார்கள். பிரிட்டனின் 2022 சட்டப்படி அனுமதியின்றி வந்து சேர்வதற்கே நான்கு ஆண்டு வரை சிறை. படகை ஓட்டியவர் ஆட்களைக் கடத்தியவர் ஆகிறார். அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். இந்தியாவை பிரிட்டன் ‘பாதுகாப்பான நாடுகள்’ பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தியக் குடிமகன் அங்கே போய் அடைக்கலம் கேட்பதும் கடினம்.

கேள்வி: ஏஜென்ட் லைஃப் ஜாக்கெட் தருவதாகச் சொல்கிறார். அது போதாதா?
– சென்னிமலை

பதில்: மத்தியதரைக் கடல் கரைகளில் போலி ஜாக்கெட்டுகள் தைத்து விற்ற பட்டறைகளே பிடிபட்டிருக்கின்றன. உள்ளே பேக்கிங் ஸ்பாஞ்ச். நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். உண்மையான ஜாக்கெட்டில் மிதப்பு அளவு நியூட்டனில் அச்சிட்டிருக்கும் (திறந்த கடலுக்கு 150), விசில் இருக்கும், ஒளி திருப்பும் பட்டை இருக்கும், தொடை இடுக்கில் போட ஒரு வார் இருக்கும். சட்டை மாதிரி மேலே மட்டும் மாட்டுவது விழுந்ததும் தலைக்கு மேலே கழன்றுவிடும். நல்ல ஜாக்கெட்டும் கீழ்த்தளத்தில் அடைபட்டிருப்பவரைக் காப்பாற்றாது. 2023 ஜூன் 14-ல் கிரீஸ் அருகே ‘அட்ரியானா’ என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தபோது அதில் ஏறக்குறைய 750 பேர் இருந்தார்கள். பிழைத்தது 104 பேர். பெண்களும் குழந்தைகளும் கீழே இருந்தார்கள். மீட்புக் கப்பல் கண்ணில் பட்டதும் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வதாலும் படகுகள் கவிழ்கின்றன.

கேள்வி: நான் இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவன். டிகிரி முடித்தும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறேன். பாஸ்போர்ட் கிடையாது. டியாகோ கார்சியாவில் மாட்டினவங்க கடைசியில் லண்டன் போய்விட்டார்கள், அதே வழியில் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார் ஒருவர். எங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது, சொல்லுங்கள்.
– பவானிசாகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் உண்மையிலேயே கதவுகள் மூடியிருப்பது உங்களுக்குத்தான். அதனால் பொய்யை மட்டும் பிரித்துக் காட்டிவிட்டு வழிகளைச் சொல்கிறோம்.

2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன மீன்பிடிப் படகு இந்தியப் பெருங்கடலில் பழுதாகி, அதிலிருந்த ஈழத்தமிழர்கள் பிரிட்டிஷ் ராணுவத் தீவான டியாகோ கார்சியாவில் இறக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வேலியடைத்த கூடாரங்களில் எலிகளோடு இருந்தார்கள். உண்ணாவிரதம், தற்கொலை முயற்சிகள் எல்லாம் நடந்தன. 2024 டிசம்பரில் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், இனிமேல் அங்கே வந்து சேர்கிறவர்களை அட்லாண்டிக் நடுவிலிருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்ப பிரிட்டன் ஏற்பாடு செய்துவிட்டது. உங்களிடம் பேசியவர் இந்தப் பாதியை விட்டுவிட்டார். ஆஸ்திரேலியா 2013 ஜூலை 19-லிருந்து படகில் வந்த எவரையும் தன் மண்ணில் குடியேற விடுவதில்லை என்று முடிவெடுத்து, ஆட்சி மாறியும் அதை மாற்றவில்லை. 2022 நவம்பரில் தென்சீனக் கடலில் மூழ்கவிருந்த கப்பலிலிருந்து 303 இலங்கையர்களை ஒரு ஜப்பானியக் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. அவர்கள் காசு கட்டியதும் கனடாவுக்கு என்றுதான். படகேறும் முன் பிடிபட்டால் திருச்சி சிறப்பு முகாம். முகாம் பதிவும் உதவித்தொகையும் சிக்கலாகும், பின்னால் நீங்கள் கேட்கும் எந்த அனுமதிக்கும் இந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

இனி தாள்களைப் பாருங்கள். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில்தான் 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. நீங்கள் 1987 ஜூலை 1-லோ அதற்குப் பிறகோ, ஆனால் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்திருந்தால், நீங்கள் பிறந்தபோது தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும். ஆகவே உங்கள் பிறப்புச் சான்றோடு அம்மா அப்பாவின் பிறந்த இடம், தேதியையும் தேடுங்கள். மண்டபத்தில் பிறந்து சின்ன வயதில் இலங்கை திரும்பி மறுபடி வந்தவர்கள் உண்டு. மலையகக் குடும்பமென்றால் தாத்தா பாட்டி 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தாளோ அன்றைய பாஸ்போர்ட்டோ டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவை எதுவும் பொருந்தாவிட்டால், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமையும், பிறகு அந்நாட்டு பாஸ்போர்ட்டும் வாங்க வழி இருக்கிறது. கையில் பாஸ்போர்ட் வந்தபின் படிப்பு விசா, திருமண விசா எதற்கும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மாவட்ட நிர்வாகம், போலீசின் கியூ பிரிவு (உளவுப் பிரிவு) என்று பல மேசைகள். ஆறு மாதம், ஒரு வருடம் இழுக்கும். இழுக்கும் என்பதைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறார்.

கேள்வி: தம்பியை அனுப்ப அப்பா மூன்று ஏக்கர் தோட்டத்தை ஈடு வைத்து 18 லட்சம் வாங்கப் பார்க்கிறார். பாதி இப்போது, மீதி ‘போய்ச் சேர்ந்ததும்’. வேண்டாம் என்றால் "நீ என்ன வழி சொல்றே" என்கிறார். நான் என்ன சொல்ல?
– தாராபுரம்

பதில்: முதலில் வட்டியைச் சொல்லுங்கள். இரண்டு வட்டிக்கு 18 லட்சம் என்றால் மாதம் 36,000 ரூபாய். தம்பி செர்பியாவிலோ துனிசியாவிலோ ஒரு வருடம் மாட்டிக்கொண்டால் அசலைத் தொடாமலே 4,32,000 ஏறியிருக்கும். புரோநோட்டிலும் பிளாங்க் செக்கிலும் கையெழுத்து வாங்குவார்கள். நாளைக்குப் புகார் கொடுத்தால், "இது கைமாத்துக் கடன்" என்று அதையே நீட்டுவார்கள்.

‘போய்ச் சேர்ந்ததும் மீதி’ என்பது பாதுகாப்பு மாதிரி தோன்றும். ஆனால் மீதி பாக்கி இருக்கும் வரை பையன் அவர்களுக்கு ஈடு. எல்லை மாறும்போது ஆளும் கை மாறுவார். கோவையில் பேசிய ஏஜென்ட்டை அங்கிருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2025 மே மாதம் ஆஸ்திரேலியா போகிறோம் என்று கிளம்பிய மூன்று பஞ்சாப் இளைஞர்களை ஈரானில் கடத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் கேட்டார்கள். அடுத்த மாதம் டெஹ்ரான் போலீஸ் மீட்டதால் அவர்கள் தப்பித்தார்கள்.

அப்பா கேட்கும் ‘வழி’க்கு ஒரு உதாரணம். தம்பி ஐ.டி.ஐ. இரண்டு வருட டிரேடு முடித்திருந்தால் ஜெர்மனியின் ‘வாய்ப்பு அட்டை’யைப் பாருங்கள். 2024 ஜூனில் வந்த வேலை தேடும் விசா அது. இரண்டு வருடப் பயிற்சி இந்திய அரசின் அங்கீகாரம் பெற்றது என்று, வெளிநாட்டுப் படிப்புகளைச் சரிபார்க்கும் ஜெர்மனி அலுவலகத்தின் சான்று வாங்க வேண்டும். பிறகு 6 புள்ளி வேண்டும். வயது 35-க்குள் என்றால் 2, படித்த தொழிலிலேயே கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவத்துக்கு 2, ஜெர்மன் மொழியில் பி1 (நடுத்தர) நிலைக்கு 2. ஆறாகிவிட்டது. மொழியைக் கோவையிலேயே படிக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் பி1-க்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2025-ல் மாதத்துக்கு 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. நம் பணத்தில் ஏறக்குறைய 13 லட்சம். தொகை பெரிதுதான். ஆனால் அது தம்பி பெயரிலுள்ள முடக்கக் கணக்கில் கிடக்கும், மாதாமாதம் அவனுக்கே வரும். விசா கிடைக்காவிட்டால் முழுதாகத் திரும்பி வரும், வங்கிக் கட்டணம் மட்டும் போகும். ஒரு வருடத்தில் தகுந்த வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டியதுதான், அதை மறைக்கவில்லை. அப்போதும் கையில் பாஸ்போர்ட், ஒரு மொழி, பெயரில் வழக்கு ஏதும் இல்லை. ஜப்பானின் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவுக்கு இவ்வளவு பணம் காட்டத் தேவையில்லை. என்4 (அடிப்படை) நிலை ஜப்பானிய மொழித்தேர்வும் தொழில் தேர்வும் தேற வேண்டும்.

வளைகுடாவோ மலேசியாவோ என்றால் ஏஜென்ட்டின் பெயரை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். உரிமம் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தப்பட்டதா என்று காட்டும். முகவரியும் பொருந்த வேண்டும். உரிமத்தை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். ரசீது கட்டாயம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து ஆள் அனுப்புகிறது. விளம்பரம் குறைவு என்பதால் நம் பக்கத்தில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேள்வி: நாலு பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு இலவசம் என்கிறார்கள். நான் சும்மா நம்பர்தானே கொடுக்கிறேன்?
– திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். பதிவு இல்லாமல் ஆள் சேர்ப்பது 1983 குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். போன இடத்தில் அவர்களை அடைத்து வைத்துச் சுரண்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆள்கடத்தலுக்கான 143-ம் பிரிவு வரலாம். ஒருவருக்கு மேற்பட்டவர் என்றால் குறைந்தது பத்து ஆண்டு, ஆயுள் வரை. பெரிய ஏஜென்ட்டின் சிம் அணைந்திருக்கும். ஊரில் இருப்பது நீங்கள். நாலு பேரும் உங்கள் பங்காளி, மாமன் மச்சான் என்றால் போலீசுக்கு முன்பே அவர்கள் வீட்டு வாசலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: கப்பல் வேலைக்கு 4 லட்சம் கேட்கிறார்கள். இது படகு இல்லையே?
– நாமக்கல்

பதில்: கப்பலில் வேலைக்குச் சேர்த்துவிட மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்த விதி; இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. பயிற்சி நிலையக் கட்டணம் வேறு, ‘ஜாயினிங் சார்ஜ்’ வேறு. இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (மாலுமிகளை வேலைக்குச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான உரிமம்) பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் ஈரான், துபாய் துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றாலும் அப்படியே.

கேள்வி: மகன் போய் இரண்டு மாசம் ஆகுதுங்க. "படகு ஏறப் போறோம்மா"ன்னு சொன்னதுதான் கடைசி. ஏஜென்ட் போன் எடுக்கறதில்லை. போலீசுக்குப் போனா அவன் மேலேயே கேஸ் ஆயிருமோன்னு ஊட்டுக்காரர் பயப்படறாரு.
– ஈரோடு மாவட்டம்

பதில்: போங்கள் அம்மா, இன்றைக்கே. காணாமல் போனவரைத் தேடச் சொல்வதால் அவர் மீது வழக்கு வராது. தாமதமானால் போன் பதிவுகளும் கேமரா பதிவுகளும் அழிந்துபோகும். கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட் நகல் (இல்லாவிட்டால் ஆதார்), சமீபத்திய புகைப்படம், உடம்பில் தழும்பு, பச்சை, பல் கட்டியது போன்ற அடையாளங்கள், கடைசியாகப் பேசிய எண், தேதி, நேரம், ஏஜென்ட்டின் எல்லா எண்களும், பணம் அனுப்பிய வங்கி அல்லது ஜி-பே விவரம், கூடப் போனவர்களின் பெயர், ஊர். வாட்ஸ்அப் பேச்சை உங்கள் போனிலிருந்து அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனே சாட்சி. எழுத்துமூலம் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். வெறும் ரசீதோடு அனுப்பினால் எஸ்.பி. அலுவலகத்திலும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள்.

கூடவே வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கான வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) தளத்திலும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத்துறையிலும் பதியுங்கள். இந்தியக் கரையிலிருந்து கிளம்பியதாகத் தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554-க்கும் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். எந்தத் துறைமுகம், எந்த வாரம் என்பது அவர்கள் பதிவோடு ஒப்பிட உதவும். செஞ்சிலுவைச் சங்கம் உலகம் முழுக்கப் பிரிந்த குடும்பங்களைத் தேடித்தருகிறது. பல தடுப்பு முகாம்களுக்குள்ளும் அவர்கள் போக முடியும், கட்டணம் கிடையாது. அவர்களுக்கு மகன் எந்த நாட்டுக்குப் போவதாகச் சொன்னார், எந்த நாடுகள் வழியாக என்ற விவரம் முக்கியம். "விசாரிச்சுச் சொல்றேன், ஐம்பதாயிரம் அனுப்புங்க" என்று யாராவது கூப்பிட்டால், மகன் குரலைக் கேட்காமல், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அவர் வாயால் சொல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அந்த எண்ணை நேராகப் போலீசிடம் கொடுங்கள்.

தடுப்பு முகாம்களில் முதலில் பறிபோவது செல்போன். அதிலிருந்த எண்களும் அதோடு போய்விடும். மகனுக்கு மனப்பாடமாக இருப்பது உங்கள் பழைய எண் ஒன்றாகத்தான் இருக்கும். அதை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து நடு ராத்திரியில் வந்தாலும் எடுங்கள்.